தலையில் அடிபட்டபின் மூளையைக் காக்கும் மருந்து உண்டா?

தலைக்காயத்துக்குப் பிறகு மூளைச் செல்கள் மேலும் சாகாமல் தடுக்க மருந்து உண்டா, சிட்டிகோலின் என்ற மருந்து பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தலைக்காயம் பட்டவர்களைக் கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். செல்லை நேரடியாகக் காக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை.

அடி விழுந்த நொடியில் அறுந்த நரம்பிழைகளை எந்த மருந்தும் ஒட்டவைக்காது. ஆராய்ச்சியாளர்கள் குறிவைப்பது பின்னால் வரும் சேதத்தை. காயம்பட்ட செல்களிலிருந்து, நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் பெருகி வழிகிறது, அதனால் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து அவற்றையும் கொல்கிறது, மூளை வீங்குகிறது. நாள்கணக்கில் நடப்பது என்பதால் இடையில் புகுந்து தடுக்கலாம் என்று நம்பினார்கள். விலங்குகளிடம் பலன் தெரிந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் மனிதர்களுக்கு உதவவில்லை. 1,213 பேரிடம் சோதித்த சிட்டிகோலினும் அப்படியே. அந்த முடிவு 2012-இல் வந்தது.

ஸ்டீராய்டின் வரலாறு இன்னும் கொடியது. வீக்கம் வற்றும் என்று பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். பத்தாயிரம் பேர் பங்கேற்ற கிராஷ் ஆய்வு 2004-இல் வெளிவந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 18 சதவீதத்தினரும் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். "எதற்கும் ஒரு ஊசி போட்டு வையுங்கள்" என்று கெஞ்சும் உறவினர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

ஓரளவு நம்பிக்கை தருவது டிரானெக்சாமிக் அமிலம். இது ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் மருந்து. 2019-இல் வெளியான கிராஷ்-3 ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களிடம் மரணம் குறைந்தது. கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. ஃபெனிட்டாயின் முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கும், அவ்வளவே. வாரக்கணக்கில் நினைவு திரும்பாமல் கிடப்பவர்களுக்கு அமாண்டடின் தேறும் வேகத்தைக் கூட்டியதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது.

உண்மையில் மூளையைக் காப்பவை ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும்தான். கடுமையான காயத்தில் மேல் அழுத்தம் ஒருமுறை 90-க்குக் கீழே போனவர்களிடமே மரணம் ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டது. ஆகவே மருந்தின் பெயரைத் தேடுவதைவிட, ஸ்கேன் வசதியும் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவது முக்கியம்.

சிட்டிகோலின் எழுதிக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். கடன் வாங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டாம். அந்தப் பணம் பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் தேவைப்படும்.