ராணுவத் தம்பதிக்கு ஒரே ஊர் கிடைக்குமா?

கேள்வி: ராணுவத்தின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) மேஜர் நான், இது 8-ஆம் ஆண்டு. காலாட்படை மேஜரான கணவரின் பட்டாலியன் லடாக் போகிறது. 2 வயது மகன் கோவையில் அம்மாவிடம் வளர்கிறான். 10-ஆம் ஆண்டோடு விலகிவிடட்டுமா?
- ஒரு வாசகி, செகந்திராபாத்

பதில்: அன்புச் சகோதரி, பிரிவின் வேதனையில் இந்த முடிவை எடுக்காதீர்கள். 10-ஆம் ஆண்டில் விலகினாலும், நீட்டிப்பு வாங்கி 14-இல் விலகினாலும் பணிக்கொடை மட்டும்தான். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு வேண்டும். அதற்கு வழி, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் பெண்கள் போராடிப் பெற்ற நிரந்தரக் கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணியில் தொடரும் உரிமை. அதை யாருக்குக் கொடுப்பது என்று தேர்வு வாரியம் (போர்டு) ஒன்று முடிவு செய்யும். லடாக் வாசமோ இரண்டு, மூன்று ஆண்டில் முடிந்துவிடும்.

அந்த போர்டு உங்கள் ஏ.சி.ஆர்.களை, அதாவது மேலதிகாரி எழுதும் ஆண்டு ரகசிய அறிக்கைகளைத்தான் புரட்டும். ஓர் அதிகாரியின் கீழ் 90 நாளாவது நேரில் வேலை பார்த்திருந்தால்தான் அவர் உங்களுக்கு அறிக்கை எழுத முடியும். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தப் பணிக்காலத்துக்கும் 360 நாள். மகன் ஏக்கத்தில் அதை ஒரே மூச்சில் எடுத்தால், போர்டுக்கு முந்தைய ஆண்டின் அறிக்கையே இல்லாமல் போகலாம். 90 நாள் கணக்கை முடித்துவிட்டு, துண்டு துண்டாக எடுங்கள். உங்கள் 60 நாள் ஆண்டு விடுப்பையும் கணவரின் 60 நாளையும் பெரும்பாலும் முன்பின்னாக வைத்தால், பையனுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருப்பார்கள்.

இனி ஒரே ஊர். ராணுவத்தில் அது கேட்டுப் பார்க்கலாம். உரிமையாகக் கோர முடியாது. அவர் பட்டாலியனோடு இருக்கும்வரை உங்கள் ஊரை அம்மாவின் வசதிக்குப் பாருங்கள்: சென்னை, பெங்களூரு போல, அம்மா மகனோடு வந்து தங்கக்கூடிய இடம். அவர் ஃபீல்டு (எல்லைப் பகுதிப் பணி) முடித்து, ஈ.ஆர்.இ. எனப்படும், பட்டாலியனுக்கு வெளியேயான போஸ்டிங் வாங்கும் நேரம்தான் சேர்ந்திருக்க உங்களுக்கு உண்மையான வாய்ப்பு. அப்போது இருவரும் ஒரே வாரத்தில், தத்தம் சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) வழியாக, மற்றவரின் விண்ணப்பத்தைக் குறிப்பிட்டு, அதிகாரிகளின் போஸ்டிங்கைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி கிளைக்கு எழுதுங்கள். பெரிய ஸ்டேஷன்கள் இரண்டு மூன்றைக் கேளுங்கள். சின்ன ஊரில் காலாட்படைக்காரருக்கு இடமிருக்கும், சிக்னல்ஸுக்குக் காலியிடம் இருக்காது. பல கோரிக்கைகள் அங்கேதான் அடிபடுகின்றன. இருவர் டென்யூரும் (ஓர் இடத்தில் பணிபுரியும் காலம்) ஆறேழு மாத இடைவெளியில் முடிந்தாலும் இதே கதிதான். அதனால் உங்களுடையதைக் கொஞ்சம் நீட்டவோ குறைக்கவோ முன்பே கேட்டுவையுங்கள்.

கர்னல் பதவிக்குச் சிலரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால் அவருக்கும் தவறவிடக் கூடாத ஆண்டுகள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் "விலகட்டுமா" என்ற கேள்வி பெண்ணின் வாயிலிருந்தே வருவது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் கிளம்புமுன் உட்கார்ந்து, உங்கள் போர்டு வரும் மாதத்தையும் அவருடைய கம்பெனி கமாண்ட் (பட்டாலியனில் ஒரு கம்பெனிக்குத் தலைமை) முடியும் மாதத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். மகன் பள்ளியில் சேரும் ஜூனையும் அதில் குறியுங்கள்.