வாசகர் கேள்வி பதில்: கையில் காப்பு இருக்கும்போது வாள் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கூத்தில், படுகளத்தன்று துரியோதனன் ரத்தத்தைத் தடவித்தான் அம்மன் கூந்தலை முடிவாள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். என் மகள் ரசிக்கும் வொண்டர் வுமனோ, முதலில் கொல்லாத வீராங்கனையாகத்தான் படைக்கப்பட்டாளாம். உண்மையா? இரண்டில் எது பெண் வீரம்?
- ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: உண்மைதான். 1941 கடைசியில் அமெரிக்க காமிக்ஸில் அவள் முதன்முதலாக வந்தபோது கையில் வாள் கிடையாது. படைத்தவர் வில்லியம் மார்ஸ்டன், உளவியல் அறிஞர், ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கியவர். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம், ஆண் நாயகர்கள் எல்லாம் முகத்தில் குத்து விட்டுக்கொண்டிருந்த நேரம், அவர் இவளுக்குக் கொடுத்தவை இரண்டு காப்பும் ஒரு கயிறும்தான். துப்பாக்கிக் குண்டு வந்தால் மணிக்கட்டை முன்னால் நீட்டுவாள், காப்பில் பட்டு குண்டு தெறித்துப் போகும், அவ்வளவுதான். கயிறு யாரையும் அறுக்காது. அதில் கட்டுண்டவர் அவள் சொல்லுக்குப் பணிவார் (பின்னாளில் அது உண்மையைச் சொல்ல வைக்கும் கயிறாக மாறியது). அடிபட்டு வந்த விமானியை ஊதாக் கதிர் கொண்டு பிழைக்க வைக்கிறாள். பிடிபட்ட எதிரிகளைக்கூடத் திருத்தி அனுப்ப அவள் குலத்துப் பெண்கள் ஒரு தீவு வைத்திருந்தார்கள்.

அந்தக் காப்புக்கு ஒரு பின்கதை உண்டு. கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸிடம் ஏமாந்து விலங்கு மாட்டிக் கிடந்த அமேசான் பெண்கள் (அவள் பிறந்த வீரப் பெண்கள் குலம்), அந்த அடிமைத்தனத்தை மறக்கக்கூடாது என்று அணிந்துகொண்டது அது. ஓர் ஆண் அந்த இரண்டு காப்பையும் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவள் பலம் போய்விடும். பட்ட அவமானத்தையே கேடயமாகத் தூக்கி நிற்கிற அந்தக் கற்பனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2005இல் வந்த ஒரு கதையில் அவளே ஒருவன் கழுத்தை முறித்துக் கொன்றாள், 2017இல் வந்த படத்தில் வாளோடு நின்றாள். அது எனக்கு இழப்பாகத்தான் படுகிறது. வாள் ஏந்தியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர், தடுத்து நிறுத்தித் திருத்தப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்காக நம் அம்மனைக் குறைத்துவிடாதீர்கள். நன்றாகக் கவனித்தால், திரௌபதி தன் கையால் யாரையும் வெட்டுவதில்லை. துரியோதனன் தொடையில் கதாயுதத்தை ஓங்குபவன் பீமன். அவள் செய்தது, பதின்மூன்று வருஷம் கூந்தலை விரித்துப்போட்டபடி, நடந்த அநியாயத்தைச் சபையில் இருந்த ஒருவரையும் மறக்கவிடாமல் வைத்திருந்தது. ரத்தம் வேண்டும் என்று கேட்டவள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் வீரம் எனக்கு அந்த ரத்தத்தில் தெரிவதில்லை, ‘இதற்குப் பதில் சொல்லுங்கள்’ என்று சபை நடுவே நின்று கேட்டாளே, அங்கேதான் தெரிகிறது.

கேள்வி: பெண் என்றாலே அன்பு, பொறுமை, அகிம்சை என்பதே ஒரு பூட்டு இல்லையா? ஆண் ஹீரோவிடம் இதை யாரும் கேட்பதில்லையே?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பூட்டுதான். பேட்மேனும் கொல்லமாட்டேன் என்கிறவர்தான். அதை அவருடைய கொள்கை என்பார்கள், அதையே வொண்டர் வுமன் செய்தால் பெண் மனசு என்பார்கள். மார்ஸ்டனே பெண்ணுக்கு இயல்பிலேயே அன்பு அதிகம் என்று நம்பியவர். 1940இல் ‘ஹரிஜன்’ இதழில் காந்தியும் பெண்ணை அகிம்சையின் அவதாரம் என்று எழுதினார், பிரசவ வேதனையைத் தாங்குவதை அதற்குச் சான்றாகக் காட்டினார். இருவரும் மரியாதையோடு சொன்னதுதான், ஆனால் வீட்டுக்குள் வரும்போது அது ‘நீ பொறுத்துப் போம்மா’ என்று ஆகிவிடுகிறது. பீடி சுற்றுகிற பெண்ணிடமும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், இந்த வார்த்தையைக் கேட்காதவர் இருக்கமாட்டார்.

உங்கள் ஊரிலேயே வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகிறது. ஒரு நொடி மனம் சலனப்பட்டதற்காக, கணவன் சொல்லி மகன் கையால் வெட்டப்பட்ட ரேணுகையின் தலை அது. அவள் எதிர்த்து ஒரு அடிகூட அடிக்கவில்லை. அதை அகிம்சை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். திருப்பி அடிக்க முடிந்தவர் அடிக்காமல் தடுப்பதுதான் அகிம்சை, வேறு வழியே இல்லாமல் வாங்கிக்கொள்வது கொடுமை.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஒரு பெண் காமிக்ஸ் நாயகி உண்டா? மகளுக்கு வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: 2014இல் வந்த ‘பிரியாஸ் சக்தி’ இருக்கிறது. 2012 டிசம்பர் டெல்லி கொடுமைக்குப் பிறகு உருவானது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட கிராமத்துப் பெண் பிரியா, புலி மேல் ஏறி, ஒதுக்கிய ஊருக்கே திரும்பி வந்து பேசுகிறாள், யாரையும் குத்துவதில்லை. 2016இல் அமில வீச்சைப் பற்றி அடுத்த பகுதியும் வந்தது. சின்னப் பிள்ளையிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள், விஷயம் கனமானது. மகள் எட்டாவது, ஒன்பதாவது படிப்பவள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே படியுங்கள், அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அதைவிடச் சின்னவள் என்றால், மார்ஸ்டன் காலத்துப் பழைய வொண்டர் வுமன் கதைகளிலிருந்து தொடங்கலாம், அதிலும் அவளைக் கட்டிப்போடும் காட்சிகள் அடிக்கடி வரும், நீங்கள் முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.