வீடியோ எடிட்டிங் மென்பொருள் அடிக்கடி உறைந்து நிற்கிறது. ஆடியோ அமைப்பை மாற்றினால் சரியாகுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: பிளே பட்டனை அழுத்தினால் சில நேரம் படம் அசையாமல் நிற்கிறது, சில நேரம் மென்பொருளே மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டு டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை. ஆடியோ அமைப்பைப் பார்க்கும்படி ஒருவர் சொல்கிறார். படம் நிற்பதற்கும் ஒலிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறையவே உண்டு. அது தெரியாமல் நான் நான்கு மாதம் வீணாக்கினேன். ரேமைக் கூட்டினேன், இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவினேன். பிறகு ஒருநாள் என் வெப்கேமைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்ட வேண்டியிருந்தது. அன்று மாலை வரை மென்பொருள் ஒருமுறைகூட நிற்கவில்லை. மறுநாள் வெப்கேமைத் திரும்ப மாட்டினேன். பத்தே நிமிடத்தில் பழையபடி உறைந்தது. வெப்கேமுக்குள் இருந்த சின்ன மைக்தான் காரணம். அதில் நான் ஒரு சொல்கூடப் பதிவு செய்ததில்லை. மென்பொருள்தான், யாரும் கேட்காமலே, அதைத் தன் ஒலி உள்ளீடாக எடுத்துக்கொண்டு திறந்தது முதல் மூடும் வரை பிடித்து வைத்திருந்தது.

இது ஏன் படத்தைப் பாதிக்கிறது? வீடியோவில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், தவறினால் கண் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒலியில் சில மில்லிவினாடி அறுந்தாலே ‘டக்’ என்று காதில் விழும். அதனால் எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒலிக் கருவியின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் படத்தை நகர்த்துகின்றன. தாளம் போடுவது ஒலி, அதற்கு ஆடுவது படம். தாளம் நின்றுவிட்டால் அடுத்த ஃபிரேமை எப்போது காட்டுவது என்று மென்பொருளுக்குத் தெரியாது; காத்துக்கொண்டே இருக்கும். உறைந்த படத்தைப் பார்க்கும் நாம் கிராபிக்ஸ் கார்டைத் திட்டுகிறோம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உள்ளீட்டை நிறுத்துவது. பிரீமியர் புரோ என்றால் பிரிஃபரன்சஸ் பகுதியில் ஆடியோ ஹார்டுவேர் என்ற பக்கம் இருக்கிறது. அங்கே டீஃபால்ட் இன்புட் என்ற இடத்தில் ‘நோ இன்புட்’ என்று வையுங்கள். மற்ற மென்பொருள்களிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்பு ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். டைம்லைனிலேயே (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையிலேயே) குரல் பதிவு செய்பவர்கள், பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் மைக்கைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் மறுபடி எடுத்துவிடலாம். வெளியீட்டையும் பொதுவான ‘சிஸ்டம் டீஃபால்ட்’ என்று விடாமல், நீங்கள் உண்மையில் கேட்கும் ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ பெயர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மானிட்டர் தூங்கப் போகும்போது அந்த ஒலிக் கருவியும் கணினியின் பார்வையிலிருந்து மறைந்துவிடலாம். தேநீர் இடைவேளைக்குப் பிறகு வந்து பார்த்தால் மென்பொருள் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

புளூடூத் ஹெட்செட் இன்னும் மோசம். அதன் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தவுடன், பாட்டுக் கேட்கும் நிலையிலிருந்து தொலைபேசி நிலைக்கு அது மாறிவிடும். தரமான ஸ்டீரியோ போய், பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோ வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் காலடியில் தரையை உருவுவது போன்ற வேலை இது. எடிட் செய்யும்போது கம்பி உள்ள ஹெட்போன் போதும். ஒலி தாமதமாக வருவதால் உதட்டசைவைச் சரிபார்க்கவும் புளூடூத்தை நம்ப முடியாது.

அடுத்தது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற எண்ணிக்கை; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். வீடியோ உலகின் வழக்கம் 48 கிலோஹெர்ட்ஸ். இசை சிடியின் வழக்கம் 44.1. வீடியோவுக்கு 48 எவ்வளவு வசதி என்பதை வகுத்துப் பார்த்தால் தெரியும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,000 சாம்பிள், 25 என்றால் 1,920, 30 என்றால் 1,600. அதே 24 ஃபிரேமுக்கு 44.1-ஐ வகுத்தால் 1,837.5 என்று அரை சாம்பிள் தொங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்கு இன்றைய கணினிக்குப் பெரிய சுமை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைக் ஒரு ரேட்டிலும், ஸ்பீக்கர் ஒரு ரேட்டிலும், டைம்லைன் மூன்றாவது ரேட்டிலும் இருக்கும்போதுதான் டிரைவர்கள் தடுமாறுகின்றன. விண்டோஸில் ஒலிக் கருவியின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற கருவியில் இதைச் செய்யலாம்.

விண்டோஸின் அதே பக்கத்தில், ஒரு செயலி அந்தக் கருவியைத் தனக்கே தனியாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். வீடியோ அழைப்புச் செயலியோ இசைச் செயலியோ ஸ்பீக்கரைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டால் எடிட்டிங் மென்பொருள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஒலியை ‘மேம்படுத்தும்’ வசதிகளையும் அணைத்துவிடலாம்.

பஃபர் என்பது ஒலியை முன்கூட்டியே தயார் செய்து சேர்த்து வைக்கும் சிறு இடம். அதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இசைக் கலைஞர்களுக்கானது. ‘குறைவாக வை’ என்பார்கள். கீபோர்டில் விரல் பட்டவுடன் அவர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டும், அது நியாயம். நமக்கு அந்த அவசரம் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.7 மில்லிவினாடிதான். அதற்குள் அடுத்த ஒலித் துண்டைத் தயார் செய்யாவிட்டால் ஒலி அறுந்துபோகும். கனமான 4கே கோப்பைப் பிரித்துக்கொண்டிருக்கும் பிராசஸருக்கு இது கழுத்தைப் பிடிக்கும் கெடு. 512 என்றால் 10.7 மில்லிவினாடி, 1,024 என்றால் 21.3. நான் 1,024-இல் வைத்திருக்கிறேன். தாமதம் எதுவும் உறுத்தவில்லை. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதைத் தயாரித்தவர் தரும் ஆசியோ டிரைவரைப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் விண்டோஸின் பழைய எம்எம்இ என்ற டிரைவர் வகையையே வைத்துக்கொள்ளலாம். அது மெதுவானதுதான், ஆனால் சண்டித்தனம் குறைவு.

கருவியை விட்டுக் கோப்புக்கு வருவோம். குறிப்பிட்ட ஒரு பாட்டோ குரல் பதிவோ வரும் இடத்தில் மட்டும் நின்றால், அந்தக் கோப்பைப் பாருங்கள். பிட் ரேட் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 டைம்லைனில் தொல்லை தரலாம். அதை 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக மாற்றிப் போடுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 690 எம்பி ஆகும்; வீடியோ கோப்புகளின் பக்கத்தில் வைத்தால் அது ஒரு பொருட்டே அல்ல.

மென்பொருள் திறக்கும்போதே மூடிக்கொண்டால், பழைய விஎஸ்டி பிளகின் (ஒலி எஃபெக்டுகளைச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் தொடங்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து சோதிக்கும். கோப்புறையிலிருந்து எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, பாதி பாதியாகத் திரும்ப வைத்தால் எது கெடுக்கிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒலியின் தலையில் கட்டவும் முடியாது. டைம்லைனின் ஒரு நகலில் ஆடியோ கிளிப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, உள்ளீட்டையும் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதே நொடியில் நின்றால் அந்த வீடியோ கிளிப்போ அதன் மேல் இருக்கும் எஃபெக்டோதான் காரணமாக இருக்கும். அப்போது நான் மேலே சொன்ன எதுவும் உதவாது.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. என் வெப்கேம் இப்போதும் மாட்டியேதான் இருக்கிறது, உள்ளீட்டில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினாலோ அமைப்புகளை மீட்டமைத்தாலோ மைக் சத்தமில்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்துவிடலாம். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டாவது முறை கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.