கடலடியில் கிடக்கும் கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன வருடம் ஸ்கூபா (சிலிண்டரோடு கடலடிக்கு இறங்குவது) பழகி, ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் வாங்கினேன். இரண்டாம் உலகப் போரில் மூழ்கி, மட்டக்களப்புக்கு அருகே கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பார்க்க ஆசை. போகலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இப்போது வேண்டாம். ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டர் ஆழத்தில், உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். பொழுதுபோக்காக ஸ்கூபா செய்பவர்களுக்கு உச்ச எல்லையே 40தான். ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல், அதனால் மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே பத்து நிமிடம்கூடத் தாங்காது, போதாததற்கு நைட்ரஜன் தலைக்கேறி குடித்தவரைப் போல மயக்கம் வரும், காற்றுமானியைப் பார்த்துக்கொண்டே அது காட்டுவது புரியாமல் இருப்பீர்கள். அதனால்தான் அங்கே இறங்குபவர்கள் ஹீலியம் கலந்த வாயுவோடு போகிறார்கள், ஏறும்போது வழியில் நின்று நின்றுதான் மேலே வருகிறார்கள். அது தனிப் பயிற்சி.

அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்தால் 30 மீட்டர் வரை போகலாம். ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். கப்பலின் உள்ளே மட்டும் நுழையாதீர்கள். துடுப்பு ஒருமுறை பட்டாலே வண்டல் கிளம்பி வந்த வழி தெரியாமல் போய்விடும். அறுந்த வலைகள் சிக்கிக் கிடக்கும், அதனால் கையில் ஒரு கத்தி அவசியம். அப்புறம், பல முறை இறங்கிவிட்டு மறுநாள் காலையிலேயே சென்னைக்கு விமானம் ஏறக் கூடாது. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள், முழுதாக ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: இப்படி மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு சின்னப் பொருளை ஞாபகார்த்தமாக எடுத்து வருவதில் என்ன தப்பு? எப்படியும் துருப்பிடித்து அழியப்போகிற பொருள்தானே?
– வாசகி, மதுரை

பதில்: தப்புதான் அம்மா. ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல். 1942 ஏப்ரலில், திருகோணமலையில் குண்டு விழப்போகிறது என்று தெரிந்து முந்தின நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறியது. ஆனாலும் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதன் மேல் பறக்க ஒரு விமானம்கூட இல்லை, காப்பாற்றக் கரையிலிருந்தும் நேரத்துக்கு யாரும் வரவில்லை, குண்டு மேல் குண்டாக விழுந்து கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்துவிட்டது. கப்பல் தலைவரோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். விட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் அருகில் இருந்ததால்தான் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அந்த 307 பேரின் வீட்டாருக்கு வேறு கல்லறை கிடையாது, இந்தக் கப்பல்தான். சுடுகாட்டிலிருந்து எதையாவது எடுத்து வீட்டு அலமாரியில் வைப்போமா? துருப்பிடித்தாலும் அது அவர்களுடையது. படம் எடுங்கள், எத்தனை வேண்டுமானாலும்.

கேள்வி: பழைய பேருந்துகளைக் கூடக் கடலில் போடுகிறார்களாமே, மீன் பெருகும் என்று. உண்மையா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: உண்மைதான், உங்களுக்கே தெரிந்திருக்கும். 2021இல் இலங்கை அரசு வடக்குக் கடலில் கழித்துப்போட்ட பேருந்துகளை இறக்கியபோது நம் பக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். வெறும் மணல் தரையில் கெட்டியாக ஒன்று கிடந்தால் பாசியும் பவளமும் பற்றும், சின்ன மீன் ஒதுங்கும், அதைத் தேடிப் பெரியது வரும். மூழ்கிய கப்பல்கள் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) மாதிரி ஆவது இப்படித்தான். ஆனால் எண்ணெய், டயர், வயர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிய பிறகே இறக்க வேண்டும், பேருந்துத் தகடு கப்பல் இரும்பைப் போல நீண்ட காலம் தாங்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கே போடுவது என்பதை அந்தக் கடலில் வலை இழுப்பவர்களைக் கேட்காமல் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் கிழிவது அவர்கள் வலை.