1929 சரிவு மட்டும் காரணமல்ல

வணக்கம். அமெரிக்கப் பெருமந்தத்துக்கு, அதாவது 1930-களின் கடும் பொருளாதார வீழ்ச்சிக்கு, 1929 பங்குச்சந்தைச் சரிவுதான் காரணம் என்று எழுதி, பாதி மதிப்பெண்தான் கிடைத்தது என்கிறீர்கள். சரிவு தொடக்கம்தான். நாட்டின் முதுகெலும்பை முறித்தது வங்கிகள் விழுந்ததுதான்.

அப்போது மக்களின் வைப்புத்தொகைக்கு நாடு தழுவிய காப்பீடு கிடையாது. வங்கி ஆட்டம் காண்கிறது என்று வதந்தி கிளம்பினால் போதும், வாசலில் வரிசை நிற்கும். முன்னால் நின்றவருக்குப் பணம், பின்னால் நின்றவருக்குப் பூட்டிய கதவு. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் போயின. ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த மொத்தப் பண அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அந்த நேரத்தில், 1931 அக்டோபரில், தங்க இருப்பைக் காக்க நியூயார்க் பெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் நியூயார்க் வங்கி) தான் வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டியை 1.5-லிருந்து 3.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பணம் சுருங்கும் நேரத்தில் கடனையும் கடினமாக்கியது; என்னைக் கேட்டால் இதுதான் பெரிய பிழை. 1933-ல் நாலில் ஒருவருக்கு வேலையில்லை.

அப்புறம், இறக்குமதி வரியை உயர்த்திய 1930 ஸ்மூட்-ஹாலி சட்டத்தையும் பதிலில் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.