தேரிக்காடு பாலைவனமா? புவியியல் கேள்வி-பதில்

கேள்வி: திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேலென்று மணல்மேடுகளைப் பார்த்தேன். அது பாலைவனம்தானே?

பதில்: இல்லை. பாலைவனமா என்பதை முடிவு செய்வது மழை, மணல் அல்ல. ஆண்டுக்குச் சராசரியாக 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் இடத்தையே பொதுவாக அப்படிச் சொல்வோம். அதனால்தான் பனி மூடிய அண்டார்டிகாவும் அந்தக் கணக்கில் வருகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

தேரி என்பது காற்று குவித்த மணல்மேடு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இங்கே வேகமாக வீசும். மணல் இடம்பெயர்வது அப்போதுதான். அடுத்த முறை ஒரு சிட்டிகை அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் சாதாரண குவார்ட்ஸ் மணிகள். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் சிவப்பு. பனையும் கொல்லாமரமும் (முந்திரி) அதில் நன்றாக வளர்கின்றன, பெய்த மழையும் சட்டென்று உள்ளே இறங்கி நிலத்தடி நீராகிறது. பாலைவனம் என்று பெயர் சூட்டிவிட்டால் எதற்கும் உதவாத நிலம் என்ற எண்ணம் வரும். மணல் அள்ளுகிறவர்களுக்கு அதுவே சாக்கு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: காவிரிக்கு டெல்டா இருக்கிறது, நர்மதைக்கு ஏன் இல்லை?

பதில்: நர்மதை, நிலம் பிளந்து தாழ்ந்த பிளவுப் பள்ளத்தாக்கில் ஓடிக் காம்பத் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே கடல் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) மிக வலுவானது, வண்டலைத் தங்க விடாது. அதனால் அதன் வாய் பொங்குமுகம், அதாவது கடல்நீர் ஏறியிறங்கும் அகன்ற ஆற்றுவாய். காவிரியோ தட்டையான சமவெளியில் வேகம் குறைந்து, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று பிரிந்து வண்டலைப் பரப்பியது. ஆனால் 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. வண்டல் வராத டெல்டா மெல்ல மெல்லத் தாழும், உப்புநீர் உள்ளே ஏறும். இதில் ஆற்று மணலையும் அள்ளினால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: வளைகுடா, விரிகுடா - என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டுமே கடல் நிலத்துக்குள் புகுந்த இடம். வாய் அகன்றிருந்தால் விரிகுடா (வங்காளம்), ஒடுங்கியிருந்தால் வளைகுடா (பாரசீகம்). கறாரான அளவுகோல் கிடையாது.

கேள்வி: நிலத்தடி நீர் புதுப்பிக்கத்தக்க வளம் என்று பாடத்தில் இருக்கிறது. அப்புறம் ஏன் போர்வெல் வற்றுகிறது?

பதில்: ஊறும் வேகத்தை எடுக்கும் வேகம் தாண்டாதவரைதான் அது புதுப்பிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் நிற்கும். ஆயிரம் அடி ஆழத்து விரிசலுக்கு மழைநீர் போய்ச் சேர நெடுங்காலம் ஆகும். அதை உறிஞ்சுவதும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுவதும் ஒன்றுதான். கிணற்றையும் ஏரியையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: மக்கள்தொகைக்கும் மக்களடர்த்திக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், ராஜஸ்தானில் 6.85 கோடி. தொகை கிட்டத்தட்டச் சமம். ஆனால் ராஜஸ்தானின் பரப்பு நம்மைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஆகவே சதுர கிலோமீட்டருக்கு இங்கே 555 பேர், அங்கே 200. அடர்த்தியைச் சொல்லும்போது எல்லையையும் கவனியுங்கள். அதே கணக்கெடுப்பில் சென்னையின் அடர்த்தி 26,553. 2018-இல் மாவட்ட எல்லை விரிவடைந்துவிட்டது. அந்த எண்ணை இன்றைய சென்னை மாவட்டத்துக்குப் பொருத்தக் கூடாது.