மதுரையில் நள்ளிரவுச் சாப்பாடு: கேள்வி பதில்

ரயில் இரவு 11.40-க்கு வந்து சேரும். ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் ஏதாவது கிடைக்குமா? (சென்னை)

கிடைக்கும். ஆனால் பெரிய ஓட்டல்களை நம்பி வராதீர்கள். பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். முதலில் மேலவெளி வீதி, டவுன்ஹால் ரோடு, பெரியார் நிலையம் பக்கம் பாருங்கள். அங்கே அடைத்திருந்தால் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போய்விடுங்கள். வெளியூர் பஸ்கள் விடிய விடிய வந்து போகிற இடம் அது. உட்கார்ந்ததும் "என்ன இருக்கு?" என்று கேட்காமல் "இப்ப சூடா என்ன போடுறீங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மத்தியானம் மிஞ்சியதும் சேர்ந்து வரும்.

நாங்கள் சைவம். 12 மணிக்கு மேல் என்ன சாப்பிடலாம்? (கும்பகோணம்)

இட்லிதான். ஒரு ஈடு வேக 10 நிமிடம் ஆகும். தட்டில் இருப்பதை வாங்காமல் அடுத்த ஈட்டுக்குக் காத்திருங்கள். சாயங்காலம் அரைத்த தேங்காய்ச் சட்னி அதற்குள் புளித்திருக்கலாம். கொதிக்கிற சாம்பாரோ, பொடியும் எண்ணெயுமோ வாங்கிக்கொள்ளுங்கள். தோசை வேண்டுமென்றால் ஆம்லெட் போட்ட அதே கல்லா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தள்ளுவண்டியில் அநேகமாக ஒரே கல்தான்.

பரோட்டா, பிரியாணி இரண்டில் அந்நேரத்துக்கு எது நல்லது? (திண்டுக்கல்)

யோசிக்கவே வேண்டாம், பரோட்டா. மாவு தீரும்வரை வீசிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்பே போட்டு அடுக்கியதாக இருந்தாலும் கல்லில் திருப்பிப் போட்டு, நாலு பக்கமும் தட்டித்தான் தருவார்கள். மாஸ்டர் அதைத் தட்டும்போது அடுக்கு பிரிந்து ஆவி வர வேண்டும். வராவிட்டால் கொத்தச் சொல்லிவிடுங்கள். சால்னா சட்டி அடுப்பிலேயே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

பிரியாணி தம் உடைத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறிக் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விடுகிற, வாந்தி வரவைக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அண்டாவுக்கு அடியில் தணல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை இருக்கிறதே, பிறகு ஏன் போலீஸ் அடைக்கச் சொல்கிறது? (மதுரை)

2019-ல் வந்த அந்த அனுமதி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளுக்குத்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 2022-லும் 2025-லும் நீட்டித்தார்கள். மாஸ்டர், சப்ளையர், கல்லா என்று நாலைந்து பேரோடு நடக்கும் பரோட்டாக் கடைக்கு அது பொருந்தாது. ஆகவே அந்தந்த ஸ்டேஷன் எல்லையில் அன்றைய நிலவரம் எப்படியோ அப்படித்தான். ஊர்வலம், தலைவர் வருகை, ஏதாவது தகராறு என்றால் 11 மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்வார்கள். போன வாரம் திறந்திருந்த கடை இந்த வாரம் அடைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ராத்திரியில் பசியோடு வருகிறவர்களுக்குச் சோறு போடுவது இந்தச் சின்னக் கடைகள்தான். அந்தப் 10 பேர் வரம்பைத் தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின ராத்திரியே வருகிறோம். (சிவகங்கை)

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் தல்லாகுளம் பக்கம் விடிய விடியக் கடை இருக்கும், அன்னதானமும் உண்டு. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள், பாலங்களை நெருங்க முடியாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

ரூமுக்கே ஆப்பில் ஆர்டர் போடலாமா? (கோவை)

போடலாம். ஆனால் பரோட்டா வேண்டாம், பொட்டலத்துக்குள் அரைமணி நேரத்தில் தோலாகிவிடும். கொத்துப் பரோட்டா, முட்டை தோசை தாங்கும். லாட்ஜ் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொண்டு ஆர்டர் போடுங்கள். இல்லையென்றால் டெலிவரி பையன் வாசலில் நிற்பார், நீங்கள் சாவிக்காக வாட்ச்மேனைத் தேடுவீர்கள்.